இறக்கை விலையும் அடகு வைத்த ராயல்டியும்: ஹூட்டர்ஸ் சரிந்த கதை

2025 மார்ச் 31 அன்று டெக்சாஸ் மாநிலம் டாலஸ் நகரத் திவால் நீதிமன்றத்தில், பொரித்த கோழி இறக்கைக்குப் பெயர்போன அமெரிக்க உணவகச் சங்கிலியான ஹூட்டர்ஸ் மனு போட்டது. கடன் சுமார் 37.6 கோடி டாலர். அப்போது நிறுவனமே நேரடியாக நடத்திய உணவகங்கள் 151. உரிமம் பெற்றுப் பிறர் நடத்திய ஃபிரான்சைஸ் கிளைகள் 154. செய்தி வந்தவுடன் பெரும்பாலானோர் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஆரஞ்சு நிற அரைக்கால் சட்டை போட்ட பெண்கள் பரிமாறும் கடைக்குக் காலம் முடிந்துவிட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே பாணியில் 2005-இல் டெக்சாஸில் தொடங்கிய ட்வின் பீக்ஸ், ஹூட்டர்ஸ் சுருங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் கிளை விரித்தது. உடையையும் காலத்தையும் மட்டும் காரணம் காட்டினால் இதற்குப் பதில் கிடைக்காது.

ஹூட்டர்ஸ் வீழ்ந்ததற்கு முதன்மைக் காரணம் பணம் போன வழி என்பதே எங்கள் கணிப்பு. இறக்கை விலை ஆண்டுக்கு ஆண்டு எகிறி விழும் சரக்கு. அதை நம்பிய கடையின் தலைமேல், மாதம் தவறாமல் ஒரே சீராகப் பணம் வரும் என்று எழுதிக்கொடுத்து வாங்கிய கடனை வைத்தார்கள். விலை ஏறிய பருவத்தில் எல்லாம் அடுப்படிக்குப் போக வேண்டிய பணம் கடன் பத்திரம் வாங்கியவர்களுக்குப் போனது. அடுப்படி கெட்டது, ஆள் வருவது குறைந்தது.

முதலில் இறக்கை.

நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரின் ஆங்கர் பாரில் 1964-இல் தெரெசா பெல்லிசிமோ இறக்கைகளைப் பொரித்து, கார சாஸில் புரட்டிப் பரிமாறினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொடக்கம். அந்தக் காலத்தில் இறக்கை சூப்புக்குப் போகும் கழிவுத் துண்டு, விலை ஒன்றுமில்லை. 1983 அக்டோபரில் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் ஆறு நண்பர்கள் சேர்ந்து ஹூட்டர்ஸைத் திறந்தபோதும் அது மலிவுச் சரக்குதான். மலிவாக வாங்கி, மாவு பூசிப் பொரித்து, உப்பும் காரமும் தூக்கலாக வைத்தால் பீர் தானாக விற்கும். லாபம் இறக்கையிலும் இருந்தது, பீரிலும் இருந்தது.

தேவை பெருகியதும் அந்தக் கணக்கு தலைகீழானது. நெஞ்சுக்கறிக்குக் கிராக்கி இருப்பதால்தான் கோழி வளர்க்கப்படுகிறது. இறக்கை வேண்டும் என்பதற்காக யாரும் கூடுதல் கோழி வளர்ப்பதில்லை. உடலெடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இறக்கை. எனவே வழங்கல் அசையாமல் நிற்க, தேவை மட்டும் அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தோடு ஏறி இறங்குகிறது. 2025-இல் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியை ஒட்டி மட்டும் அமெரிக்கர்கள் 147 கோடி இறக்கைத் துண்டுகள் தின்பார்கள் என்று தேசியக் கோழி மன்றம் கணித்தது. பெருந்தொற்றில் எல்லோரும் வீட்டுக்கே உணவு வரவழைத்த 2021-இல் மொத்த விலை பவுண்டுக்கு 3 டாலரைத் தாண்டியது. 2022 முடிவதற்குள் அது 1 டாலரை ஒட்டி விழுந்தது. ஒரே சரக்கு, ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று மடங்கு வித்தியாசம்.

இதில் வெளியே தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. கடைக்காரர் இறக்கையை எடை போட்டு வாங்குகிறார், எண்ணி விற்கிறார். முழு இறக்கையின் நுனியை நறுக்கிவிட்டு மூட்டில் வெட்டினால் இரண்டு துண்டு: தடித்த டிரம்மெட் ஒன்று, தட்டையான நடுத்துண்டு ஒன்று. 10 துண்டு கொண்ட ஒரு தட்டுக்கு ஐந்து முழு இறக்கை வேண்டும், அதாவது இரண்டரைக் கோழி. சிறிய கோழியானால் பவுண்டுக்கு (454 கிராம்) ஐந்து இறக்கை நிற்கும். நெஞ்சுக்கறிக்காகவே கொழுக்க வளர்த்த பெரிய கோழியானால் நான்குதான் நிற்கும். அதே தட்டுக்கு ஒரு பவுண்டு போதும் என்றிருந்தது ஒன்றேகால் பவுண்டு ஆகிவிடுகிறது. வாடிக்கையாளருக்குத் துண்டு பெரிதாகத் தெரியும்; கடைக்காரருக்குக் கறிச் செலவு கால் பங்கு கூடியிருக்கும்.

கணக்காகப் பார்ப்போம். தட்டு 13 டாலருக்கு விற்கிறது என்று வையுங்கள். பவுண்டு 1.25 டாலர், சிறிய இறக்கை என்றால் கறிச் செலவு 1.25 டாலர், விற்ற விலையில் 10 சதவீதத்துக்கும் கீழே. பவுண்டு 3 டாலர், பெரிய இறக்கை என்றால் 3.75 டாலர், கிட்டத்தட்ட 29 சதவீதம். மாவு, எண்ணெய், சாஸ், செலரித் தண்டு, புளூ சீஸ் எதுவும் இன்னும் சேரவில்லை. இந்த வகை உணவகத்தில் சரக்கும் கூலியும் சேர்ந்து விற்பனையில் 60 முதல் 65 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். மீறினால் வாடகை, மின்சாரம், பழுதுபார்ப்பு எல்லாம் போக மிஞ்சுவது பூஜ்யத்தைத் தொடும். இறக்கை மட்டுமே கூடுதலாக 19 சதவீதப் புள்ளியைத் தின்றுவிட்டால் அந்த ஆண்டு லாபம் பேச்சுக்கே இடமில்லை.

இந்த அடி எல்லா இறக்கைக் கடைகளுக்கும் விழுந்தது. யார் எப்படித் தாங்கினார்கள் என்பதில்தான் வேறுபாடு. பஃபலோ வைல்ட் விங்ஸ் பல ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமை பாதி விலைக்கு இறக்கை கொடுத்துக் கூட்டம் சேர்த்தது. விலை ஏறிய 2017-இல் அந்தச் சலுகையே கழுத்தை நெரித்ததால், எலும்பில்லாத வகைக்கு மட்டும் சலுகை என்று மாற்றியது. எலும்பில்லா விங்ஸ் என்று விற்கப்படுவது உண்மையில் நறுக்கிய நெஞ்சுக்கறி; அதன் விலை இறக்கை அளவுக்குத் துள்ளாது. 2018 பிப்ரவரியில் கடனையும் சேர்த்து ஏறக்குறைய 290 கோடி டாலருக்கு ஆர்பிஸ் உணவகக் குழுமத்திடம் கைமாறிய பிறகு, அது பார்சலுக்கு மட்டுமான சிறிய கடைகளையும் திறந்தது. 1994-இல் டெக்சாஸின் கார்லண்டில் தொடங்கிய விங்ஸ்டாப் வேறு வழியில் போனது. பரிமாறும் ஆள் இல்லை, மதுக்கூடம் இல்லை, பெரிய கூடம் இல்லை. சிறிய இடம், சில ஃபிரையர் (பொரிக்கும் எந்திரம்), பெரும்பகுதி பார்சல். கடைகளில் பெரும்பாலானவை ஃபிரான்சைஸ். இறக்கை விலை ஏறினால் முதலில் வலிப்பது கடை நடத்துபவருக்கு. தலைமை நிறுவனத்துக்கு விற்பனையில் ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும்.

ஹூட்டர்ஸ் இரண்டும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டது. கிளைகளில் பாதியைச் சொந்தமாக நடத்தியதால் இறக்கை விலை, கூலி, வாடகை மூன்றும் நேராகத் தலையில் விழுந்தன. பெரிய கூடம், நிறையத் தொலைக்காட்சிகள், பரிமாற நிறைய ஆட்கள் என்ற அமைப்பு, ஆள் உட்கார்ந்து குடித்தால்தான் கட்டுப்படியாகும். பார்சலுக்கு அது பொருந்தாது. அதைவிட முக்கியம், அதன் அடையாளப் பண்டமே பார்சலுக்கு ஒவ்வாதது.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஹூட்டர்ஸின் பழைய பாணி இறக்கை மாவு பூசிப் பொரித்து, வெண்ணெய் கலந்த சாஸில் புரட்டுவது. எண்ணெய் 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை, 10 முதல் 12 நிமிடம். கறியின் உள்வெப்பம் 74 டிகிரி வந்தாலே பாதுகாப்பு; ஆனால் இறக்கையில் நரம்பும் சவ்வும் அதிகம் என்பதால் 80 டிகிரிக்கு மேல் போனால்தான் எலும்பிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். மாவு உதிர்ந்து ஃபிரையரின் அடியில் கருகும்; கருகல் எண்ணெயைச் சீக்கிரம் முறிக்கும். ஒரு சாதாரண ஃபிரையரில் 16 முதல் 23 கிலோ எண்ணெய் பிடிக்கும். மாவுப் பண்டம் பொரிக்கும் கடை அதை நாளுக்கு ஒருமுறையாவது வடிகட்ட வேண்டும், கூட்ட நாளில் இருமுறை. செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் நெருக்கினால் கடை மேலாளர் முதலில் கைவைப்பது இங்கேதான். வடிகட்டுவது தள்ளிப்போகும், எண்ணெய் மாற்றும் நாள் நீளும். நிறம் சீக்கிரம் ஏறிவிடுவதால் உள்ளே வேகும் முன்பே கூடையைத் தூக்கிவிடுவார்கள். புதுக்கறிக்குப் பதில் உறைந்த இறக்கையைக் கூடை நிறையக் கொட்டினால் எண்ணெயின் சூடு 150 டிகிரிக்கும் கீழே விழும். மேல்மாவு மொறுமொறுப்பதற்குப் பதிலாக எண்ணெயைக் குடிக்கும். சாப்பிடுபவர் கைக்கு வருவது கனத்த, ஊறிய துண்டு.

இப்படிப் பொரித்ததைச் சாஸில் புரட்டி மூடிய பெட்டியில் வைத்தால், அதன் ஆவியே அதற்கு எதிரி. கால்மணி நேரத்தில் மாவு நெகிழ்ந்து தோலை விட்டு வழுக்கும். மாவு பூசாமல் வெறுமனே பொரித்த இறக்கை இந்தப் பயணத்தை ஓரளவு தாங்கும். விங்ஸ்டாப் விற்பது அந்த வகை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள் 15 முதல் 30 சதவீதம் கழிவு எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தால், 2020-க்குப் பிறகு உலகம் போன திசையில் ஹூட்டர்ஸால் ஏன் லாபத்தோடு போக முடியவில்லை என்பது தெளிவாகும். நிறுவனம் 2017-இலேயே ஹூட்ஸ் என்ற பெயரில், சாதாரண உடையில் ஆண்களும் பெண்களும் வேலை செய்யும் சிறிய கடையை இல்லினாயில் திறந்து பார்த்தது. வழி சரியானதுதான். அதைப் பெருக்கக் கையில் பணம் வேண்டுமே.

அந்தப் பணம் எங்கே போனது? விளைச்சலை முன்கூட்டியே அடகு வைக்கும் விவசாயியின் நிலைமையோடு இதை ஒப்பிடலாம். முறைக்குப் பெயர் முழுத்தொழில் பிணையாக்கம். நிறுவனம் தன் வணிகப் பெயர், ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்கள், வரவேண்டிய ராயல்டி (பெயரைப் பயன்படுத்தக் கிளைகள் தம் விற்பனையில் கட்டும் பங்கு) எல்லாவற்றையும் தனியாக ஒரு துணை நிறுவனத்துக்கு மாற்றி எழுதும். துணை நிறுவனம் அவற்றை ஈடாக வைத்துக் கடன் பத்திரம் வெளியிடும். தாய் நிறுவனம் திவாலானாலும் இந்த ஈடு தனியாக நிற்கும் என்பதால் வட்டி குறைவாக அமையும். கிளைகளிலிருந்து வரும் ராயல்டி நேராக, பத்திரம் வாங்கியவர்கள் சார்பில் பணத்தைக் காக்கும் அறங்காவலர் கணக்குக்குப் போகும். அதிலிருந்து முதலில் அறங்காவலர் கட்டணம், பிறகு நிர்வாகக் கட்டணம், வட்டி, அசல். மிஞ்சினால்தான் தாய் நிறுவனத்துக்கு.

ஹூட்டர்ஸ் 2014-இல் இந்த வழியில் இறங்கியது. 2021-இல் சுமார் 30 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டது. கடைசிக் கடனில் பெரும்பகுதி இதுதான்.

இந்தப் பத்திரங்களில் ஒரு காவல் விதி எப்போதும் இருக்கும். வந்த நிகர வருமானத்தை, கட்ட வேண்டிய வட்டியும் அசலும் சேர்ந்த தொகையால் வகுப்பார்கள். விகிதம் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் (பல ஒப்பந்தங்களில் 1.75) மிச்சப்பணத்தில் ஒரு பகுதியைத் தனிக்கணக்கில் பூட்டுவார்கள், இன்னும் விழுந்து 1.2-ஐ ஒட்டிவிட்டால் மிச்சம் முழுவதும் அசலுக்கே போகும், நிர்வாகத்தையும் மாற்றலாம். இது என்ன செய்யும் என்று பார்க்க, புரிவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இவை ஹூட்டர்ஸ் ஏட்டில் உள்ளவை அல்ல. 300 கிளை, கிளைக்கு ஆண்டு விற்பனை 30 லட்சம் டாலர், ராயல்டி 6 சதவீதம்: வரவு 5.4 கோடி. நிர்வாகச் செலவு 1.5 கோடி போனால் 3.9 கோடி. வட்டியும் அசலும் 1.8 கோடி. விகிதம் 2.17, கவலை இல்லை. இப்போது 40 கிளையை மூடி, மீதிக் கிளைகளின் விற்பனையும் 10 சதவீதம் குறையட்டும். வரவு 4.2 கோடி, நிகரம் 2.7 கோடி, விகிதம் 1.5. பணம் பூட்டப்பட்டுவிட்டது. மொத்த விற்பனையில் விழுந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தாய் நிறுவனத்தின் கைக்கு வருவதோ பாதிக்கும் மேல் விழுந்திருக்கும்.

இதில்தான் கொடுமையான முடிச்சு இருக்கிறது. ராயல்டி லாபத்திலிருந்து எடுப்பதல்ல, விற்பனையிலிருந்து எடுப்பது. நட்டத்தில் ஓடும் கிளைகூட ராயல்டி கட்டிக்கொண்டுதான் இருக்கும். அதை மூடினால் நட்டம் நிற்கும், ஆனால் பத்திர விகிதம் கெடும். மூடாமல் வைத்தால் விகிதம் நிற்கும், ஆனால் கடை இரத்தம் கசியும். சொந்தக் கிளை அதிகம் உள்ள நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே பையில் இருப்பதால் எதைச் செய்தாலும் வலிக்கும். 2024 ஜூனில் சுமார் 40 கிளைகளை ஒரேயடியாக மூடியபோது, பல ஆண்டு தள்ளிப்போட்ட முடிவு அது என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

பிணையாக்கம் என்ற கருவியையே குறை சொல்வது சரியல்ல. டங்கின் 2006-இலும் டொமினோஸ் 2007-இலும் இதே முறையில் கடன் வாங்கின, விங்ஸ்டாப்பும் வாங்கியது. அவை மூன்றும் பெரும்பாலும் ஃபிரான்சைஸ் நிறுவனங்கள், கிளை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தவை. சுருங்கும் சங்கிலிக்கு இது ஒரு நாளும் பொருந்தாது. 2019-இல் நார்ட் பே கேப்பிடலும் ட்ரைஆர்ட்டிசன் கேப்பிடலும் ஹூட்டர்ஸை வாங்கின. இந்த ட்ரைஆர்ட்டிசன் கையில் டிஜிஐ ஃபிரைடேஸ் உணவகமும் இருந்தது. அதற்கும் இதே வகைக் கடன், அதுவும் 2024 நவம்பரில் திவால் மனு போட்டது. மனு போட்ட அன்று அதன் தலைவர் சொன்ன காரணங்களில் பெருந்தொற்றுக்குப் பக்கத்திலேயே மூலதன அமைப்பும் இருந்தது.

உரிமை கைமாறிய வரிசையும் இதற்குப் பொறுப்பு. நிறுவனர்கள் தம்பா, சிகாகோ வட்டாரங்களைத் தங்களிடம் வைத்துக்கொண்டு மற்ற இடங்களுக்கான உரிமையை 1984-லேயே விட்டுவிட்டார்கள். அட்லாண்டாவைச் சேர்ந்த ராபர்ட் புரூக்ஸ் அதை நாடெங்கும் வளர்த்தார். விமான நிறுவனம்கூடத் தொடங்கினார். 2003 முதல் 2006 வரை பறந்து நின்றுபோனது. 2006-இல் அவர் இறந்தார். 2011-இல் சான்டிக்ளியர் தலைமையிலான முதலீட்டுக் கூட்டணி வாங்கியது, பிறகு 2019 விற்பனை. முதலீட்டு நிதியம் சில ஆண்டுகளில் விற்றுவிட்டுப் போக வாங்குகிறது. ஃபிரையர், கூரை, கழிப்பறை, இருக்கைத் துணி எல்லாம் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை. இந்த இரண்டு கடிகாரமும் ஒத்துப்போவதில்லை.

கூலிக் கணக்கும் அதே சமயம் மாறியது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அமெரிக்க நடுவண் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-இலிருந்து அசையவில்லை. நிறைய ஆட்களை வைத்துப் பரிமாறும் ஹூட்டர்ஸின் தொழில்முறை இந்த எண்ணின் மேல் கட்டியது. ஆனால் ஹூட்டர்ஸின் தாய் மண்ணான ஃபுளோரிடாவில் 2020 வாக்கெடுப்பில் குறைந்தபட்சக் கூலியை ஆண்டுக்கு ஒரு டாலராக உயர்த்தி 2026 செப்டம்பரில் 15 டாலர் ஆக்க மக்கள் முடிவு செய்தார்கள். டிப்ஸ் ஊழியருக்கு அதில் 3.02 டாலர் மட்டும் கழிக்கலாம். 2020-இல் 5.54 டாலராக இருந்த அவர்கள் கூலி 2024 செப்டம்பரில் 9.98 டாலர் ஆனது. அந்தப் பெண்களுக்கு இது நியாயமாகக் கிடைக்க வேண்டியது. சாயங்கால வேளையில் பத்துப் பேர் நிற்கும் கடைக்கு அது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

உடை, காலம் பற்றிய பேச்சுக்கு வருவோம். பெண்களை மட்டுமே பரிமாற அமர்த்தியதை எதிர்த்து ஆண்கள் தொடுத்த வழக்கை 1997-இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் தீர்த்துக்கொண்டது. மதுக்கூடம் போன்ற வேலைகளை ஆண்களுக்கும் திறந்தது. 2021-இல் இன்னும் சிறிய உடை வந்தபோது பரிமாறும் பெண்களே சமூக ஊடகத்தில் எதிர்த்தார்கள், நிறுவனம் பின்வாங்கி விருப்பம் என்று மாற்றியது. நெருக்கடி வந்தபோது சாப்பாட்டைச் சரிசெய்யாமல் உடையைக் குறைத்தது பிழையான மருந்து. பரிமாறும் பெண்கள் பிகினியில் வரும் பிகினி இரவு வைத்த கடைக்குக் குடும்பத்தோடு யாரும் பகல் சாப்பாட்டுக்கு வர மாட்டார்கள். குழந்தைகள் விளையாட்டு அணியைக் கூட்டிவரும் பெற்றோர் வர மாட்டார்கள். அவர்கள்தான் வாரநாட்களில் மேசையை நிரப்புபவர்கள்.

இதற்கு ஆதாரம் சங்கிலிக்குள்ளேயே இருந்தது. நிறுவனர்கள் தரப்பான ஹூட்டர்ஸ் இன்க், தன்னிடம் வைத்துக்கொண்ட கிளைகளைப் பழைய முறையிலேயே நடத்திவந்தது. திவால் மனுவின்போது அதுவும் ஹூட் அவுல் என்ற மற்றொரு ஃபிரான்சைஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்திய கிளைகளில், அதிகம் விற்கும் முதல் 30 இடங்களில் 14 அடங்கியிருந்தன. அதே பெயர், அதே உடை, அதே பண்டம். தலைமேல் பத்திரக் கடன் மட்டும் இல்லை.

மீட்புத் திட்டம் அவர்களை வைத்தே அமைந்தது. நிறுவனம் சொந்தக் கிளைகளைக் கைமாற்றிவிட்டு முழு ஃபிரான்சைஸ் அமைப்பாக மாறுவது, இந்த இரு நிறுவனங்களின் கூட்டணி அந்தக் கிளைகளை எடுத்துக்கொள்வது என்பது ஏற்பாடு. வழக்கு நடக்கும்போதே 2025 ஜூனில் இன்னும் சுமார் 30 கிளைகள் மூடப்பட்டன. அக்டோபர் இறுதியில் நிறுவனம் திவாலிலிருந்து வெளியே வந்தது. பிகினி இரவுகளை நிறுத்துவதாகவும் குடும்பங்கள் வரக்கூடிய கடையாக மீட்பதாகவும் புதிய நிர்வாகம் அறிவித்திருக்கிறது. உடையை ஒரே வாரத்தில் மாற்றிவிடலாம். பத்தாண்டு பராமரிக்காத ஃபிரையரையும் குத்தகையையும் மாற்றக் கிளைக்குக் கிளை பணம் வேண்டும், அந்தப் பணம் அடுத்த இறக்கை விலையேற்றத்துக்கு முன்பே செலவாகியிருக்க வேண்டும்.